சேற்றில் மோதகம்

— ஐஞ்சு நிமிசம் எண்டுதானே காரை நிப்பாட்டச் சொன்னனீர், மலர். இப்ப என்ர வேட்டிக்கரை முழுக்கச் சேறு.

— மடிச்சுக் கட்டுங்கோ. நானும் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டுதானே நிக்கிறன். இஞ்சால வாங்கோ, இந்த வளைவிலதான் விழுவினம்.

— சைக்கிள்காரர் விழுறதைப் பாக்கவே வந்தனாங்கள்? ரதி பிக்கரிங்கில புதுவீட்டு வாசல்ல நிண்டு வழி பாத்துக்கொண்டிருப்பாள். பால் காய்ச்சிற பானை எங்கட கார் டிக்கியில கிடக்கு.

— குடிபூரலுக்கு நல்ல நேரம் பதினொண்டுக்குப் பிறகுதானே. சும்மா பாருங்கோவன்.

— மூண்டு வருசம் என்னோட கதைக்காமல் இருந்தவள், மலர். அப்பான்ர செத்தவீட்டில வந்த சண்டை. இப்பதான் தானாப் போன் எடுத்து, "அண்ணை, பானை நீங்கள்தான் கொண்டுவரவேணும்" எண்டவள். இண்டைக்கும் பிந்திப் போனால் எனக்குத் தங்கச்சி எண்டு ஒருத்தி இல்லை.

— தெரியும். அதுக்காகத்தான் இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தனான். விடியத் துவக்கம் தனியப் புறுபுறுத்துக்கொண்டு திரியிறியள். இந்த முகத்தோட போய் நிண்டால் ரதி பயந்துபோவாள். அந்தா வருகினம். காதைப் பொத்துங்கோ, மணி அடிக்கப்போறன்.

— அது சாமியறை மணி.

— எல்லாரும் மாட்டு மணி அடிக்கினம். எங்களிட்டை உள்ளது உதுதானே.

— உமக்கென்ன விசரே? ஐயோ, உவன் சைக்கிளைத் தோளில தூக்கிக்கொண்டு ஓடுறான். உடைஞ்சுபோச்சோ?

— உடையேல்லை. குறுக்கால பலகை நட்டிருக்கினமெல்லோ, அதைப் பாய்ஞ்சு கடந்து, மேட்டில ஓடி ஏறி, பிறகு திரும்பச் சைக்கிளில ஏறவேணும். உதுதான் சைக்ளோகுறொஸ்.

— தூக்கிக்கொண்டு ஓடுறதெண்டால் சைக்கிளை வீட்டிலயே விட்டிட்டு வந்திருக்கலாம்.

— அதைத்தான் போன வருசம் நானும் கேட்டனான். இப்ப ஒரு ஞாயிறு விடுறேல்லை. ரோட்டு ரேஸ் எண்டால் பொழுதுபட நிண்டாலும் ஒருக்கால் விர்ரெண்டு போவினம், முடிஞ்சுது. இது சுத்திச்சுத்தி எங்கட மூக்குக்கு முன்னால வருகினம். மூச்சு வாங்கிறது கேக்கும், வேர்வை மணக்கும், சேறு தெறிக்கும்.

— தெறிச்சிட்டுது. கண்ணாடியில.

— துடையாதேங்கோ, வடிவா இருக்கு.

— வீட்டில வாய் திறக்காத மனுசி, இஞ்ச வந்து என்ன கத்துக் கத்துறீர்.

— கிழமை முழுக்கக் கோல் சென்ரரில "ஓம் சேர், சொறி மேடம்" எண்டு மெல்லக் கதைச்சுக் கதைச்சு என்ர தொண்டை செத்துப்போச்சு. இஞ்ச நான் கத்தினால் அவங்களுக்கும் சந்தோசம், எனக்கும் சந்தோசம். நீங்களும் ஒருக்காக் கத்திப் பாருங்கோவன்.

— என்னெண்டு கத்திறது?

— வாயில வந்ததை. தமிழில கத்துங்கோ, ஆருக்கு விளங்கப்போகுது.

— தம்பி, மிதியடா.

— உது கத்திறதோ? பஸ்ஸில பக்கத்துச் சீற்றில இருக்கிறவனிட்டை நேரம் கேக்கிற மாதிரிக் கிடக்கு.

— டேய், மிதியடா, மிதி, விடாதை, அந்த மஞ்சள் சட்டைக்காரனை வெட்டு, உள்ளால வெட்டு. மலர், வெட்டி முந்திட்டான். நான் சொல்லச் சொல்ல வெட்டிட்டான்.

— உங்கட புறுபுறுப்பு எங்க?

— நிண்டிட்டுது போல. அதென்ன மலர், முன்னுக்குப் போறவனை விட்டிட்டு, ஆகக் கடைசியா வாற அவனுக்குச் சனம் இந்தளவு ஆரவாரப்படுது?

— கடைசி ஆள்தான் இஞ்ச ராசா. முன்னுக்குப் போறவனுக்கு வெல்லுற சந்தோசம் இருக்கு. கடைசியா வாறவனுக்கு நாங்கள்தானே இருக்கிறம். பாருங்கோ, சாப்பாடும் நீட்டுகினம்.

— ஓடிக்கொண்டிருக்கேக்குள்ளயே? ஓம், ஒருத்தி டோனட் குடுக்கிறாள். அவன் அதைக் கோட்டை விட்டிட்டான், பாவம்.

— அது இஞ்சத்தை வழக்கம். பகிடிக்கும் குடுப்பினம், பாசத்துக்கும் குடுப்பினம்.

— அப்ப நாங்கள் மட்டும் வெறுங்கையோட நிக்கிறது வடிவில்லை. பொறும், காருக்கு ஓடிட்டு வாறன்.

— காரில என்ன கிடக்கு? மெல்லப் போங்கோ, வேட்டி அவிழப்போகுது.

— இந்தா, வந்திட்டன். அவன் இன்னும் சுத்தி வரேல்லைத்தானே?

— உங்கட கையில என்ன டப்பா? இஞ்சேருங்கோ, உது பிள்ளையாருக்குப் படைக்க அவிச்ச மோதகம்.

— கனக்கக் கிடக்கு. பிள்ளையாரும் ஒருக்கா ரேஸில நிண்டவர்தானே, அவருக்கு விளங்கும்.

— உங்களுக்கு என்னைவிட விசர் முத்திப்போச்சு. சரி, கையை நல்லா நீட்டிப் பிடியுங்கோ, வாறான்.

— தம்பி, இந்தா, பிடி, சக்கரை போட்டது. வாங்கிட்டான் மலர். முழுசா வாய்க்குள்ள போட்டிட்டான். எனக்கு ஏனெண்டு தெரியேல்லை, அழுகை வருது.

— எனக்கும் முதல்நாள் வந்தது. போன் அடிக்குது, உங்கட சேட் பொக்கற்றில.

— ரதி. நீர் எடும், எனக்குப் பயமா இருக்கு.

— உங்கட தங்கச்சி, நீங்கள்தான் எடுக்கவேணும். ஸ்பீக்கரில போடுங்கோ, நான் பக்கத்தில நிக்கிறன்.

— ஹலோ, ரதி.

— அண்ணை, எங்க நிக்கிறியள்? எல்லாம் பிழைச்சுப்போச்சு அண்ணை. ஐயரைக் காணேல்லை. எத்தினை தரம் அடிச்சும் போன் எடுக்கிறாரில்லை. சனமெல்லாம் வந்திட்டுது, மாமியார் மணிக்கூட்டையும் என்னையும் மாறிமாறிப் பாக்கிறா. நல்ல நேரம் தப்பினால் இந்த வீட்டைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கொல்லுவா.

— அழாதை ரதி. இந்தா, வெளிக்கிட்டிட்டம்.

— ஐயர் வராட்டிப் போகட்டும். நீங்கள் வாங்கோ அண்ணை. நீங்கள் பக்கத்தில நிண்டால் எனக்குக் காணும்.

— வாறன் பிள்ளை. பறந்து வாறன்.

— இஞ்சேருங்கோ, ரேஸ் முடிஞ்சுது. உங்கட கடைசி ஆள் சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்களிட்டைத்தான் வாறான். கண் ரெண்டும்தான் தெரியுது, மிச்சமெல்லாம் சேறு.

— அங்கிள், சூப்பர் மோதகம். தாங்க்ஸ். இன்னுமொண்டு இருக்கோ?

— அட, தமிழ்ப் பிள்ளையே நீர்? இந்தாரும், எடும். எங்களுக்கு நேரமில்லைத் தம்பி, ஒரு குடிபூரலுக்கு ஓடவேணும்.

— குடிபூரலுக்கோ? அப்ப இது இன்னும் படைக்காத மோதகமோ அங்கிள்?

— படைக்கேல்லை. அதுக்கென்ன தம்பி, ஏன் முழியைப் பிரட்டுறீர்?

— அங்கிள், பிக்கரிங்கிலயோ? ரதி அன்ரி வீட்டிலயோ?

— ஓம். உமக்கெப்பிடி ரதியைத் தெரியும்?

— ரேஸ் வெள்ளன முடிஞ்சிடும் எண்டு நினைச்சிட்டன் அங்கிள். ஸ்டார்ட் லேற்றாப் போச்சு, போன் வானுக்குள்ள கிடக்கு. வேட்டி, தர்ப்பை, நெய் எல்லாம் வானில ரெடி. குளிக்கத்தான் இடமில்லை.

— ரதி, நீ இன்னும் போனில நிக்கிறாய்தானே, அழுகையை நிப்பாட்டு. உன்ர ஐயர் எனக்கு முன்னாலதான் நிக்கிறார், கையோட கூட்டிக்கொண்டு வாறன். நீ மாமியாரை மெல்ல உள்ளுக்கு அனுப்பிப்போட்டு, ஓடிப்போய்க் கராஜ் பக்கத்து ஹோஸ் பைப்பைத் திறந்து வை.