டிராக்டர்ல ஒரு இடம்

இல்லக்கா, இப்ப அதை அமுக்காதீங்க. போன்ல வட்டம் சுத்திக்கிட்டிருக்குல்ல, சுத்தட்டும். அவசரப்பட்டு இன்னொரு தடவை அமுக்குனா போற காசு நடுவுலயே மாட்டிக்கும். அப்புறம் அதைத் திரும்ப வாங்குறதுக்குள்ள... சரி, விடுங்க. இப்படி நிழல்ல ஒக்காருங்க. ஒரே ஒரு நெட்டு டிஷ், அதுல முப்பது போன் தொங்குது. கதாரிஃப் சந்தை மொத்தமும் இந்த டிஷ்காரன் கொட்டகையிலதான் கெடக்கு. மெதுவாத்தான் வரும்.

எனக்கெப்படித் தெரியும்ங்கிறீங்களா? நான் இந்தக் காசு அனுப்புற ஆப்புக்காரன்தான்க்கா. பேங்குல வேலை. பெரிய வேலையெல்லாம் இல்ல, பச்சைச் சட்டையைப் போட்டுக்கிட்டு ஊர் ஊராப் போயி ஆள் சேக்கணும். ஜஸீரா மாகாணத்துல எங்க ஊர்ப்பக்கம் போயி தாஜுஸ்ஸிர்னு கேட்டுப் பாருங்க. சோளம் போடுறவன், ஆடு விக்கிறவன், டீ போடுற பொம்பளைங்க, அத்தனை பேர் போன்லயும் ஏத்திவிட்டது நான்தான். முந்நூறு பேருக்கு மேல. சண்டை வந்து நோட்டே கண்ணுல படாமப் போச்சே, அப்ப ரொட்டி வாங்குனது, மருந்து வாங்குனது எல்லாம் இதுலதான். அதனால ஆப்பைத் திட்டாதீங்க. திட்டணும்னா என்னைத் திட்டுங்க, நான் எதிர்ல ஒக்காந்திருக்கேன்ல.

என்னது, வளையலா? மெதுவாப் பேசுங்கக்கா, சந்தை இது. வித்து இதுல போட்டுரலாமான்னு கேக்குறீங்க. ம்ம். என் தங்கச்சியும் இதையேதான் கேட்டா. பத்தூல்னு பேரு. கல்யாணத்துக்குப் போட்ட வளையல் ஆறு வச்சிருந்தா. துப்பாக்கிக்காரனுங்க பக்கத்து ஊர் வரைக்கும் வந்துட்டானுங்க. பொம்பளைங்க கையை முறுக்கி உருவுறானுங்கன்னு சேதி வருது. நான்தான் சொன்னேன், வித்துரு, ஆப்புல கெடக்கட்டும், எவனும் தொட முடியாதுன்னு. அவ வாய்க்காரி. கடைக்காரன்கிட்ட சண்டைன்னா அவன் மூஞ்சியைப் பாத்துக் கேக்கலாம், உன் ஆப்புக்கிட்ட எந்த மூஞ்சியைப் பாத்துடா கேப்பேன்னா. என் மூஞ்சியைப் பாத்துக் கேளுன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன்க்கா.

வித்துட்டா. நான் சொன்னது தப்பும் இல்ல, கேளுங்க. அடுத்த வாரமே வந்தானுங்க. மெத்தையைக் கிழிச்சானுங்க, மாவுப் பானையைக் கவுத்தானுங்க, ஒண்ணும் கிடைக்கல, போயிட்டானுங்க. பக்கத்து வீட்டுல தங்கம் இருந்துச்சு. அங்க ஒரு உசுரு போச்சு. அன்னைக்கு பத்தூல் என் நெத்தியில முத்தம் கொடுத்தா. அதை வச்சு நாலு நாளைக்கு நான் பெருமை அடிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்.

அப்புறம்தான் அந்த டிராக்டர். பாபிக்கிர்னு ஒருத்தன், பின்னாடி பெட்டியை மாட்டி இங்க கொண்டாந்து விடுறேன்னான். தலைக்கு ஒன்றரை லட்சம் பவுண்டு. ரொக்கம் எவன்கிட்ட இருக்கு, எல்லாம் ஆப்புதான். காலையில தண்ணித் தொட்டி ஓரமா நின்னு ஒவ்வொருத்தரா அனுப்பிட்டு ஏறுறாங்க. அங்கதான் கொஞ்சம் சிக்னல் எடுக்கும். பத்தூலும் அனுப்புனா. அவ போன்ல காசு கழிஞ்சிருச்சு. பாபிக்கிர் போன்ல வரல. அவ காட்டுறா, போயிருச்சு பாருங்க. அவன் காட்டுறான், வரல பாரு. ரெண்டு பேரும் பொய் சொல்லல. இன்னொரு தடவை அனுப்பலாம்னா, முதல்ல போனது முடியாம அடுத்தது போகாதுங்குது.

பாபிக்கிர் கெட்டவன் இல்ல, பாவம். மத்தியானம் லுஹர் தொழுகை வரைக்கும் வண்டியை நிறுத்தி வச்சான். வழியில மூணு எடத்துல துப்பாக்கிக்காரனுங்களுக்கு நான் கொடுக்கணும் தங்கச்சி, வராத காசை எதுல கொடுப்பேன்னான். பெட்டியில இருந்தவங்க கத்துறாங்க, ஒருத்திக்காக நாப்பது பேர் சாகணுமான்னு. இன்னொரு பொம்பளைக்கும் காசு போகல. அவ காதுல கெடந்ததைக் கழட்டி நீட்டுனா. அவன் மறுபேச்சுப் பேசாம வாங்கிட்டு ஏத்திக்கிட்டான். பத்தூல் கையைத் தூக்கிப் பாத்துக்கிட்டா. வெறுங்கை. அப்புறம் போனை மட்டும், மேல இருந்த நம்ம ஊர் ஆள் ஒருத்தன்கிட்ட எட்டிக் கொடுத்தா. பேங்குல காட்டச் சொல்லி. வண்டி கெளம்பிருச்சு.

பேங்குலயா? தொழில்நுட்பக் கோளாறு, எழுபத்திரண்டு மணி நேரம் பொறுங்கன்னாங்க. நான் எத்தனை பேருக்கு அதே வார்த்தையைச் சொல்லியிருக்கேன் தெரியுமா? ஆனா பொய் இல்லக்கா, நாலாம் நாள் காசு திரும்பி வந்துருச்சு. ஒரு பவுண்டு கொறையல. ஆனா ஊர்லேர்ந்து வர்ற ரோடு ரெண்டாம் நாளே அடைச்சாச்சு. இன்னைக்குப் பத்தொன்பது நாள். போன வாரம் நடந்தே தப்பிச்சு வந்த ஒருத்தர், பள்ளிக்கூடத்துல மிச்சமிருக்கிற கெழடுகெட்டைக்கு அவ கஞ்சி காய்ச்சி ஊத்துறதைப் பாத்தேன்னாரு. அதுக்கப்புறம் சேதி இல்ல. வளையலை விக்கவான்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க. வச்சிருந்தவளும் செத்தா, வித்தவளும் மாட்டிக்கிட்டா. எனக்குத் தெரியல.

போன் அடிக்கட்டும், அதை எடுக்க மாட்டேன். பத்தூல் புருஷன்தான். சவூதியில லாரி ஓட்டுறான். தினம் இந்நேரத்துக்குக் கூப்பிடுவான். அவ என்கூட இங்க இருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன். காய்ச்சல், தொண்டை கட்டியிருக்குன்னு சொன்னேன். பத்தொன்பது நாளாத் தொண்டை கட்டியிருக்கு.

ஆமா, இது அவ போன்தான். என்கிட்ட எப்படியா?

டிராக்டர் மேல இருந்த அந்த ஆள் நான்தான்க்கா. என் காசு முதல் தடவையிலேயே போயிருச்சு, கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள. அதே ஆப்பு, அதே தண்ணித் தொட்டி. ஆம்பளையைத்தான் முதல்ல சுடுவானுங்கன்னு மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. எறங்கி அவளுக்கு இடத்தைக் கொடுக்கலாம்னு ஒரு காலைத் தூக்கக்கூட செஞ்சேன். அவதான், எறங்காதே, நீ பேங்குக்காரன், நீ போனாத்தான் காசு திரும்பும்னா. எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்.

அவ அப்படிச் சொல்லலைன்னாலும் நான் எறங்கியிருக்க மாட்டேன்க்கா.