ராசான்னு எழுதினது யாரு?

— …மூணு மாடி, லிஃப்ட் வேற வேலை செய்யல. மூச்சு வாங்குது தம்பி. இந்த நாற்காலில கிடக்குற துணியத் தள்ளி வச்சுட்டு உக்காந்துக்கட்டுமா?

— உக்காருங்க, உக்காருங்க. வீடு கொஞ்சம் அப்படி இப்படின்னு இருக்கு. தண்ணி குடிங்க. நீங்க யாருன்னு தெரியலையே?

— தட்டானோட அக்கா.

— தட்டான்…

— என்ன தம்பி முழிக்கிறீங்க? உங்க சாஃப்ட்வேர்ல எதையாவது திருத்தித் திருத்தி அனுப்பிக்கிட்டே இருப்பானே, அந்தத் தட்டான். ஒத்த விரலால தட்டித் தட்டி எழுதறதால அவனே வச்சுக்கிட்ட பேரு. எனக்குச் சின்னவன்.

— ஓ… ஆமா. தட்டான். பேரப் பாத்த மாதிரி இருக்கு.

— பாத்த மாதிரியா? நல்ல கதையா இருக்கே! வருஷக்கணக்கா கூடப் பொறந்தவங்க மாதிரி எழுதிக்கிறீங்க. "அசத்திட்ட ராசா"ன்னு நீங்க போட்டா, அன்னிக்கு அவன் முகத்துல பல்பு எரியும். கடையில நான் மிஷின் மிதிச்சுக்கிட்டு இருப்பேன், உள்ள இருந்து ஒரே சத்தம். "அக்கா, அண்ணன் சேத்துக்கிட்டாருக்கா!"

— என்ன கடை உங்களது?

— தையல் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. பைக்குலேந்து விழுந்ததுக்கப்புறம் அவன் கட்டில் பின்னாடிதான். கழுத்துக்குக் கீழ ஒண்ணும் அசையாது, வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் பொழச்சுது. அந்த ஒரு விரலுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்குன்னு நர்ஸம்மா போட்டுக் குடுத்தாங்க. எழுத்து ஒவ்வொண்ணா மின்னும், வேண்டிய எழுத்து வர்றப்போ பட்டனத் தட்டணும். உங்களுக்கு எதுக்கு இதச் சொல்றேன், நீங்க செஞ்சதாச்சே.

— சொல்லுங்கக்கா. நான் கேட்டு ரொம்ப நாளாச்சு.

— காசே வாங்காம குடுக்குறாருன்னான். அது மட்டும் இல்ல, உள்ள எப்படிச் செஞ்சிருக்குன்னு யாரு வேணா பாக்கலாம், திருத்தி அனுப்பலாம், சரியா இருந்தா அவரு சேத்துக்குவாருன்னான். "என்னடா இது, நான் தைச்ச ரவிக்கைய ஊர்ல இருக்கறவங்கல்லாம் பிரிச்சுத் தைச்சு என்கிட்டயே அனுப்பினா நான் வெளங்குவேனா"ன்னு கேட்டேன். சிரிச்சான். விழுந்ததுக்கப்புறம் அன்னிக்குத்தான் தம்பி சிரிச்சான்.

— என்ன திருத்தினாரு?

— அதுவும் தெரியாதா? விரல் நடுங்குனா ஒரு தடவ தட்டினது ரெண்டு தடவையா விழும். "அம்மா"ன்னு எழுதப் போனா "அஅம்ம்மா"ன்னு வரும். அத அவன்தான் சரி பண்ணான். நடுங்குற கைக்காரங்க எத்தன பேரு இப்ப ஒழுங்கா எழுதறாங்களாம். நீங்கதான் எழுதியிருந்தீங்க, "நீ இல்லன்னா இது நடந்திருக்காது ராசா"ன்னு. பெருசா பிரிண்ட் எடுத்து அவன் கண்ணுக்கு நேரா ஒட்டி வச்சிருக்கேன்.

— அக்கா…

— தொப்பி போட்டுக்கிட்டு கீழ வேன்லதான் இருக்கான். ஜன்னலத் திறந்தா தெரியும். சக்கர நாற்காலிய மூணு மாடி தூக்க ஆளில்ல. நீங்கதான் ஒரு எட்டு கீழ வரணும். முன்னாடியே சொல்லிட்டு வரலாம்னா போன் நம்பர் எங்கயும் போடல, அட்ரஸ் மட்டும்தான் இருந்துச்சு.

— அக்கா, ஒரு நிமிஷம். அத நான் எழுதல.

— எத?

— நீங்க செவுத்துல ஒட்டி வச்சிருக்கீங்களே, அத.

— வேற யாரு? உங்க பேரு போட்டிருக்கு, உங்க போட்டோ இருக்கு.

— பேரு என்னுது, போட்டோவும் என்னுது. எழுதினது மெஷின். யாரு என்ன திருத்தி அனுப்பினாலும் அதுவே ஓட்டிப் பாக்கும். தப்பு இல்லைன்னா சேத்துக்கும், தப்பு இருந்தா திருப்பி அனுப்பிடும். அப்புறம் என் பேர்ல பதிலும் எழுதும். நான் எதையும் பாக்கறதில்ல. உங்க தம்பி அனுப்பினதுல ஒரு வரி கூட நான் படிச்சதில்லக்கா.

— வெளையாடாதீங்க தம்பி.

— இல்லக்கா.

— அந்த "ராசா"? மெஷின் எப்படி ராசான்னு கூப்பிடும்?

— எங்கப்பா என்னை அப்படித்தான் கூப்பிடுவாரு. அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்னப்போ அவருக்காகத்தான் இத எழுத ஆரம்பிச்சேன். அதுல அவரு மொதமொதல்ல தட்டினதும் அந்த வார்த்தைதான். அப்புறம் யாரு திருத்தி அனுப்பினாலும் நானும் ராசான்னுதான் எழுதுவேன். அந்தப் பழைய பதிலையெல்லாம் மெஷின்கிட்ட குடுத்து, இதே மாதிரி பேசுன்னு சொல்லிட்டேன்.

— அப்பா இப்போ?

— போயிட்டாரு. அதுக்கப்புறமும் வந்துக்கிட்டே இருந்துச்சுக்கா. திருத்தம் அனுப்பற ஒவ்வொருத்தரும், எங்கப்பாவுக்குன்னு இப்படி மாத்தினேன், எங்கம்மாவுக்குன்னு அப்படி மாத்தினேன்னு எழுதுவாங்க. ஒருநாள் மெயில் பெட்டியத் திறக்கக் கை போகல. மறுநாளும் போகல. நிறுத்திடலாம்னா, இத நம்பி எத்தனையோ பேரு எழுதிக்கிட்டு இருக்காங்க. அதான் மொத்தத்தையும் மெஷின் தலைல கட்டிட்டு ஒதுங்கிட்டேன்.

— ஒதுங்கினீங்க, சரி. "மெஷின் பேசுறேன்"னு அதையே சொல்ல விட்டிருக்கலாமே? அதுல என்ன குறைஞ்சு போயிடும்?

— மனுஷன் இருக்கான்னு நெனச்சாதான் வருவாங்கன்னு… தப்புதான். அப்பவே தெரியும் தப்புன்னு.

— போன மழைல ஒருதடவ அவன் அனுப்பினத திருப்பி அனுப்பிட்டீங்க. நீங்க இல்ல, அது. ஒருநாள் பூரா வாயில பருக்கை படல. "அண்ணனுக்குக் கோவம் போலக்கா, நான் அவசரப்பட்டுட்டேன்"னு அழுதான். கண்ணத் தொடைச்சுக்கக் கூட கை வராது அவனுக்கு, நான்தான் தொடைச்சேன். அந்த அழுகைய யாருக்குத் தம்பி அழுதான் அவன்? சொல்லுங்க, யாருக்கு? ஆளு யாருன்னே பாக்காம, அளவே எடுக்காம, எல்லாருக்கும் ஒரே சட்டை தைச்சுக் குடுத்திருக்கீங்க. அதப் போட்டுக்கிட்டு என் தம்பி ராசா மாதிரி இருந்தான்.

— நான் கீழ வர்றேன்க்கா. நானே சொல்லிடறேன். கால்ல விழுந்தாவது…

— விழுந்தா அவனுக்குத் தெரியவா போகுது? காலு இருக்கறதே அவனுக்குத் தெரியாது.

— அப்ப என்னதான் செய்யட்டும்? இன்னைலேந்து அவரு எழுதறத நானே படிக்கிறேன். இதுவரைக்கும் அனுப்பினதையும் ஒண்ணொண்ணா உக்காந்து படிக்கிறேன்.

— அத அவன்கிட்ட சொல்லுங்க. நான் ஒரு மக்கு. வர்ற வழி பூரா அவன்கூட சண்ட. "அது மெஷின்க்கா, ரொம்ப நாளா மெஷின்தான் எழுதுது"ன்னு அவன் சொல்றான். "போடா, இவ்வளவு பாசமா மெஷின் எழுதுமா"ன்னு உங்களுக்காக நான் வக்காலத்து வாங்கிக்கிட்டு வர்றேன். மேல ஏறி வந்ததே அவன் மூக்க உடைக்கத்தான்.

— அவருக்குத் தெரியுமா?

— தெரியும்.

— தெரிஞ்சும் இவ்வளவு தூரம்… மூஞ்சிக்கு நேரா கேக்கணும்னு வந்திருக்காரு. கேக்கட்டும்க்கா. கேக்க வேண்டியதுதான்.

— உங்களக் கேக்கறதுக்கு அவன் எதுக்கு வேன் பிடிக்கணும், உக்காந்த இடத்துல இருந்தே நாலு வார்த்தை தட்டியிருப்பானே. போன வாரம் அனுப்பினதுல, புரோகிராமுக்கு நடுவுல "அண்ணா, நல்லா இருக்கீங்களா?"ன்னு ஒரு வரி எழுதி வச்சிருக்கான். உங்க மெஷின் என்ன சொல்லுச்சு தெரியுமா? "இந்த வரி தேவையில்ல, எடுத்துடு ராசா."

— ஐயோ.

— அதப் பாத்துத்தான் மெஷின்னு கண்டுபிடிச்சான், அன்னிலேந்து அவனுக்குத் தூக்கம் இல்ல. "அக்கா, அந்த மனுஷனுக்கு என்னமோ ஆயிடுச்சு, பக்கத்துல கேக்க ஆளில்ல போல, வா, ஒரு தடவ நேர்ல பாத்துட்டு வந்துடுவோம்"னு, விழுந்த நாள்லேந்து ஆஸ்பத்திரியத் தவிர வேற எங்கயும் வர மாட்டேன்னு படுத்துக் கிடந்தவன், இன்னிக்கு அவனா கேட்டு வாசல் தாண்டி வந்திருக்கான்.