சொட்டைக்கு மேல ஒரு ஸ்பாய்லர்

பின்னாடி பெஞ்சுல யாரோ மணி பாக்குறாங்க... பாருங்க, நல்லா பாருங்க. ஒரு சின்னக் கதை பாக்கி இருக்கு. அதச் சொல்லாம நான் பிரசங்க மேடைய விட்டு இறங்க மாட்டேன்.

தூத்துக்குடியில கிளாட்வின்னு ஒருத்தன். அவன் அக்கா ஜெசிந்தா. அக்கா வீட்டுக்காரர் தஸ்நேவிஸ். அந்தக் குடும்பத்துலயே முதல் கார் அவர் வாங்கினதுதான். காலையில பல்லு விளக்குறாரோ இல்லையோ, வண்டியத் துடைச்சிருவார். யாருக்கும் சாவி குடுக்க மாட்டார். மச்சினன் கேட்டா மட்டும், "நீ என்ன அந்நியனா மாப்ள? கொண்டு போ!"

கொண்டு போனான். சாமான் ஏத்த ஒரு கடை வாசல்ல நிறுத்தி டிக்கியத் திறந்தான். மேல பாதி தூக்கின ஷட்டர்... பாக்கல. டங்! டிக்கி விளிம்புல ஒரு சொட்டை. என் தலையப் பாக்காதீங்க, இது வேற சொட்டை. பெயிண்டும் பேந்து போச்சு.

இப்ப என்ன செய்யணும்? "அத்தான், இடிச்சிட்டேன்." அவ்வளவுதான். சொன்னானா? நேரா சீட் கவர் போடுற கடைக்கு ஓடுறான்.

"அண்ணாச்சி, இது வெளிய தெரியக் கூடாது."

"ஸ்பாய்லர் வச்சு மறைச்சிரலாம் தம்பி."

பாத்திருப்பீங்க... காருக்குப் பின்னாடி, டிக்கி மேல, றெக்கை மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்குமே, அதுதான்.

"ஸ்க்ரூ போட்டு முடுக்கவா, பசை போட்டு ஒட்டவா? ஸ்க்ரூன்னா டிக்கியில ஓட்டை போடணும்."

"ஐயையோ, ஓட்டையா! ஒட்டிருங்க."

"ஒட்டிரலாம். ஆனா ஒரு நாள் முழுசா வண்டி நிக்கணும். தண்ணி படக் கூடாது. வேகமா ஓட்டக் கூடாது. பசை காயாம ஓட்டினா காத்துல பிச்சுக்கிட்டுப் பறந்துரும். பின்னாடி பைக்ல எவனாவது வந்தான்னா... அவ்வளவுதான் தம்பி."

நல்லா தலைய ஆட்டினான். அன்னைக்கு சாயங்காலமே வண்டியக் கொண்டு போய் அத்தான் வீட்டு வாசல்ல நிறுத்திட்டான்!

"என்ன மாப்ள இது!"

"சும்மா... உங்களுக்கு ஒரு கிஃப்ட் அத்தான்."

அந்த மனுஷனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "ஏய் ஜெசிந்தா! இங்க வா! உன் தம்பி எனக்கு என்ன வாங்கிட்டு வந்திருக்கான் பாரு! விடிஞ்சதும் வேளாங்கண்ணி கிளம்புறோம்ல... இதோட போனா எப்படி இருக்கும்!"

கிளாட்வின் மனசுக்குள்ள கணக்குப் போடுறான். வண்டியில அக்கா, பிள்ளைங்க. பின்னாடி பைக்ல வரப் போறவன் யார் பெத்த பிள்ளையோ! ஒரு வார்த்தை சொல்லலாம்ல? "அத்தான், பசை காயல, நாளைக்குப் போகாதீங்க"ன்னு? சொல்ல முடியாது. சொன்னா அடுத்த கேள்வி வரும்... "காயாதத எதுக்குடா அவசரமா கொண்டு வந்த?" அதுக்குப் பதில் சொன்னா சொட்டையும் வெளிய வந்துரும்.

காலையில இருந்து போன் பண்றான்.

"அத்தான், எங்க இருக்கீங்க?"

"சாயல்குடி தாண்டிட்டோம் மாப்ள."

"மழை பெய்யுதா அத்தான்?"

"வெயில் மண்டையப் பொளக்குது!"

"மெதுவா போங்க அத்தான்... வேகம் வேண்டாம்..."

அந்தப் பக்கம் அவர் அக்காகிட்ட சொல்றது இவன் காதுல விழுது. "கேட்டியா ஜெசிந்தா? கூடப் பிறந்தவன்கூட இப்படி விசாரிக்க மாட்டான்." இவனுக்குச் சோறு இறங்கல. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடுறான். ராமநாதபுரத்துல ஓடுற வண்டியில அது கழண்டா தூத்துக்குடியில ஏன்டா ஆம்புலன்ஸ் வரப் போகுது? பயந்தவனுக்கு ஊர்க் கணக்கு ஏது!

கழண்டுச்சா? இல்ல. போயிட்டு நல்லபடியா திரும்பி வந்தாங்க. கல்லு மாதிரி ஒட்டியிருக்கு. அப்பாடா... தப்பிச்சோம்னு நினைச்சான்.

அதுக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சுது. வீட்டுக்கு வர்றவங்கள எல்லாம் அத்தான் வண்டிக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போறார். "மாப்ள எனக்காக வாங்கினது." காலையில துண்ட எடுத்தா முதல்ல அதத்தான் துடைக்கிறார். இவன் பாக்குறான்... பாக்க முடியல. அன்னைக்குக் கழண்டுருமோன்னு பயம். இன்னைக்கு, கழல மாட்டேங்குதேன்னு பயம்!

ஒரு நாள் தாங்க முடியாம சொல்லிட்டான். "அத்தான்... அதுக்கு அடியில ஒரு சொட்டை இருக்கு. நான்தான் இடிச்சேன்."

கத்துவார்னு நினைச்சான். அடிச்சாக்கூட வாங்கிக்கிறதுன்னுதான் போயிருந்தான். அவர் அந்த ஸ்பாய்லரத் தடவிப் பாத்தார். அப்புறம் மெதுவா கேட்டார்...

"அப்போ... அது எனக்காக வாங்கினது இல்லையா மாப்ள?"

மறுநாள் காலையில வழக்கம்போல துண்ட எடுத்தார். கண்ணாடியத் துடைச்சார். கதவத் துடைச்சார். டிக்கியத் துடைச்சார். அத மட்டும் துடைக்கல.

புரியுதா? சொட்டைக்காக அந்த மனுஷன் ஒரு வார்த்தை திட்டல. அன்னைக்கே சொல்லியிருந்தா நாலு வசவு விழுந்திருக்கும், ராத்திரி ஒண்ணா உக்காந்து சாப்பிட்டிருப்பாங்க. பொய்ய எடுத்து அன்புங்கிற பேப்பர்ல சுத்திக் குடுத்தோம்னா, பொய் வெளிய வர்ற அன்னைக்கு அன்பையும் சந்தேகப்படுவாங்கய்யா! அவன் அதுக்கு முன்னாடி பாசத்தோட செஞ்சதக்கூட அத்தான் இனிமே திருப்பித் திருப்பிப் பாப்பார்ல?

இப்ப துடைக்கிறாரான்னு கேக்குறீங்களா? எனக்குத் தெரியாது. அது அத்தான் பாடு. ஆனா சொன்ன அன்னைக்கு ராத்திரி கிளாட்வின் தூங்கினான். அது எனக்குத் தெரியும்.

உங்க வீட்டுல எதுக்கு மேல என்ன ஒட்டி வச்சிருக்கீங்க? திடீர்னு ஒரு பட்டுச்சேலை வாங்கிக் குடுத்தீங்களே... அதுக்கு அடியில என்ன சொட்டை? சிரிக்காதீங்க, உங்க வீட்டம்மா உங்களத்தான் பாக்குறாங்க!

தவக்காலம் வந்திருச்சு. செஞ்ச பாவத்தச் சாமியார்கிட்டச் சொல்லி மன்னிப்புக் கேக்க, பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில நிக்கிறீங்க, சந்தோஷம். சாமியார் நான் எங்கயும் ஓடிப் போக மாட்டேன், இங்கயேதான் உக்காந்திருப்பேன். நீங்க முதல்ல... அத்தான் வீட்டுக்குப் போயிட்டு வாங்க.