குதிரையிலிருந்து விழுந்தவர்

மதியம் மூன்று மணி. ஆளரவமே இல்லாத ஒரு மண்பாதை... அதில் ஒருவர் தனியாகக் குதிரையில் வருகிறார். பயப்படாதீர்கள், பாதை இருப்பது படத்தில்தான். வழக்கமாக இதை என் நண்பனின் மச்சானுக்கு நடந்ததாகச் சொல்வேன். இன்றைக்குப் பொய் வேண்டாம். எனக்கு நடந்தது. அந்த விளக்கு மட்டும் எரியட்டும்.

என் அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். பேசவும் செய்வாள், ஏற்ற இறக்கமில்லாத குரலில், கொஞ்சம் உரக்க. நாங்கள் இருவரும் சரிசமமாக உட்கார்ந்து பார்க்க முடிந்தது மௌனப்படம் ஒன்றுதான். அதிலும் யாரும் சீண்டாத கௌபாய் படங்கள், பழைய சாமான் கடையில் அள்ளி வந்த டிவிடிகள். காற்றடித்தால் பாறை ஆடும், துணிப்பாறை. கதாநாயகனுக்கும் வில்லனுக்கும் ஒரே குதிரை. அவர்கள் பேசுவது வேற்று மொழி, அந்த உதடுகள் மட்டும் அக்காவுக்குப் பிடிபடாது. ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு வயிறு வலிக்கச் சிரிப்போம்.

ஒரு படத்தில் மட்டும், ஓர் இடம் வந்தால் அக்கா தலையைக் குனிந்துகொள்வாள். வில்லனின் ஆட்களில் ஒருவர் பாதைத் திருப்பத்தில் குதிரையிலிருந்து விழுவார். கழுத்து மடங்கும்.

"அது நடிப்பு இல்ல தம்பி. நிஜமாவே விழுந்துட்டார். பிலிம் வீணாகுமேன்னு அப்படியே விட்டுட்டாங்க."

எனக்கும் தெரியும். அதற்குப் பிறகு எந்தக் காட்சியிலும் அவர் வரமாட்டார்.

தெரிந்திருந்தும், அலுவலக நண்பர்கள் மூன்று பேர் வீட்டுக்கு வந்த அன்று அதைத்தான் போட்டேன். விழுந்தார். சிரித்தார்கள். பின்னால் ஓட்டினேன்... தரையிலிருந்து எழும்பி, குதிரைமேல் ஏறி, பின்பக்கமாகவே போனார். மறுபடி விழவைத்தேன். "ஐயோ, இடுப்பு போச்சே" என்று குரல் வேறு கொடுத்தேன்.

"இன்னொரு தடவ போடு" என்றார்கள்.

பதினோரு தடவை போட்டேன்.

அக்கா தேநீரோடு வந்து, திரையைப் பார்த்து நின்றாள்.

"தம்பி, அவர் நம்ம பாஷையில பேசறார்... 'போதும் தம்பி'ங்கறார்."

நண்பர்கள் அவள் குரலைக் கேட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. படத்துக்காக இல்லை... அக்காவை நினைத்துக் கூசியது. இதைச் சொல்ல இன்றைக்கும் நாக்கு எழவில்லை. அவள் பேசியதே காதில் விழாததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பன்னிரண்டாவது தடவை அழுத்தினேன்.

பாதையில் குதிரை வந்தது. மேலே ஆள் இல்லை.

அறைக்குள் புழுதி வாடை. குதிரை வியர்வையின் நாற்றம். எங்கள் முதுகுக்குப் பின்னால்... தொப். ஈர மூட்டை விழுந்ததுபோல். அக்காவுக்குச் சத்தம் கேட்காது. ஆனால் பாதத்தில் அதிர்வு பட்டு அவள்தான் முதலில் திரும்பினாள். நண்பர்கள் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்கள்.

அன்றே அந்த டிவிடியை உடைத்துப் போட்டேன். பயனில்லை. ஞாயிறு மூன்று மணிக்கு... தொப். அக்கா இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொள்வாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

போன மாதம் பொறுக்க முடியாமல் அவளிடம் கேட்டேன்.

"எங்க நிக்கறார்?"

கையைக் காட்டினாள். வெறும் சுவர். அதன் முன்னால் போய்த் தலை குனிந்து நின்றேன்.

"தெரிஞ்சேதான் செஞ்சேன். மன்னிச்சிடுங்க."

அக்கா சுவரையே பார்த்தாள். உதட்டைப் படிக்கும்போது அவள் கண்கள் சுருங்கும்... சுருங்கின.

"என்ன சொல்றார்க்கா?"

"சிரிக்கறார்" என்றாள். "இன்னொரு தடவ சொல்லணுமாம்."