பன்னிரண்டு மணி நரிகள்

எனக்குச் சர்க்கரை உண்டு, ரேஞ்சர் சார். டாக்டர் நடக்கச் சொன்னார், நடந்தேன். ஆரம்பம் அவ்வளவுதான்.

இரும்புலியூர் ஏரிக்கரை மரத்தில் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள் சின்மயி. எதிரே எது அசைந்தாலும் தானாகப் படமெடுக்கும் கேமரா. படத்தின் ஓரத்தில் நேரமும் வெயில் அளவும் விழும். வெயில் ஏற ஏற நரிகள் தங்கள் பழக்கத்தை எப்படி மாற்றிக்கொள்கின்றன என்பது அவள் ஆராய்ச்சி. வாரம் ஒருமுறை மெமரி கார்டை மாற்றித் தர ஆள் வேண்டுமாம். தொலைபேசித் துறையில் செங்கல்பட்டே தெரியும் உயரத்துக்குக் கம்பம் ஏறியவன் நான். இதென்ன பிரமாதம் என்றேன்.

முதல் மாதம் முழுக்க நாய்களும் ஓர் ஆட்டின் பின்புறமும்தான். அவள் முகம் வாடியது பொறுக்காமல், "நாலு நரியை நேர்லயே பார்த்தேம்மா" என்று சொல்லிவிட்டேன். பார்த்தது ஒன்று; அதிலும் வால் மட்டும். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதிவிட்ட பிறகு மீதி மூன்றையும் கொண்டுவருவது என் பொறுப்பாகிவிட்டது.

கோழிக்கடை ரவி பதினொன்றரைக்குக் கழிவைக் கொட்டுவான்; அதில் ஒரு பை வாங்கிக்கொள்வேன். "இன்னா சார், வூட்ல புலி கிலி வளக்கிறியா?" என்பான். "ரெண்டு" என்பேன். பன்னிரண்டு மணிக்குக் கேமராவுக்கு முன்னால் அதை வைத்து ஒரு விசில். இரண்டே மாதத்தில் நான்கும் வந்தன. நானும் கோழிக்கழிவும் பதிவான படங்களை வீட்டில் அழித்துவிட்டுக் கார்டைக் கொடுப்பேன்.

உச்சிவேளை, நாற்பத்தோரு டிகிரி, நான்கு நரிகள். "அங்கிள், ஏரி வத்தினதுல பகல்லயே வெளிய வருதுங்க. இப்படி டேட்டா யார்கிட்டயும் இல்ல" என்று போனிலேயே அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

பிறகு ஒருநாள், வெள்ளிக்கிழமை பேராசிரியரோடு வந்து மறைந்திருந்து பார்க்கப்போவதாகச் சொன்னாள். நான் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் முன்பு காய்ச்சலில் படுத்த அன்று, நான்கும் தெருவுக்குள் வந்து என் கேட்டில் காத்து நின்றன; தீனியை அங்கேயே வைத்தேன். அவள் முன்னால் அப்படி என்னைத் தேடிக் கிளம்பினால், மூன்று வருட ஆராய்ச்சி என் கோழிக்குடலில் போய் முடியும். குழந்தை தாங்கமாட்டாள்.

வியாழக்கிழமையும் பன்னிரண்டு மணிக்குத்தான் போனேன். கோழிக்குடலில் பூச்சிமருந்தை நன்றாகப் பிசைந்திருந்தேன். விசிலடித்தேன். சின்னது என் செருப்பை நக்கிவிட்டுத்தான் சாப்பிடப் போனது. ஏரி மண் காய்ந்து இறுகிக் கிடந்ததால் புதைக்கத்தான் நேரம் பிடித்தது.

மறுநாள் ஒன்றும் வரவில்லை. "வெயில் தாங்காம செத்திருக்குமோ, அங்கிள்?" என்றாள். இருக்கும் என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

அந்த வியாழக்கிழமைக் கார்டை மட்டும் அழிக்கக் கை வரவில்லை. இதோ, உங்கள் மேஜையில் இருக்கிறது. நான்கும் வாலாட்டிக்கொண்டு வருவது தெளிவாக விழுந்திருக்கிறது. பன்னிரண்டு ஆனால் இப்போதும் என் உதடு தானாகக் குவிகிறது.

என் வாக்குமூலத்தை எழுதும்போது ஒன்றை விட்டுவிடாதீர்கள், சார். ஒருநாள்கூட நான் அவற்றைப் பட்டினி போட்டதில்லை.