ஒப்பீட்டுக்கு ஒரு தட்டு

மத்தியானம் நீங்கள் வாங்கித் தந்த நாசி லெமாக்கில் தேங்காய்ப்பால் சோறு சரி, மிளகாய்ச் சம்பல்தான் கொஞ்சம் தித்திப்பு. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை, இன்ஸ்பெக்டர் வாசுகி. முழுவதையும் சாப்பிட்டுவிட்டேன். தட்டில் மிச்சம் வைப்பது இப்போதெல்லாம் எனக்கு ஆகாது. ஏன் என்று சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

நான் யோகேஸ்வரி. பெர்மாஸ் ஜெயா வீட்டிலிருந்து தினமும் எல்லைப் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போய், ஓர் ஆய்வுக்கூடத்தில் குரங்குகளுக்குத் தீனி நிறுத்துப் போட்டவள். அங்கே இரண்டு வரிசைக் கூண்டுகள். ஒரு வரிசைக்கு வயிறு நிறைய. எதிர் வரிசைக்கு நூற்றுக்கு முப்பது பங்கு குறைவு. காலம் போகப் போக, நிறையத் தின்றவை முடி கொட்டி, சர்க்கரை வந்து, மூலையில் சுருண்டன. குறைத்துத் தின்றவை கம்பியைப் பிடித்து ஆடிக்கொண்டிருந்தன. வேறு ஓரிடத்தில் இதையே செய்து பார்த்ததில் ஆயுள் கூடவில்லை என்று அங்கிருந்த டாக்டர் ஒருவர் சொன்னார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் கணவர் கமலநாதனின் அப்பாவும் அண்ணன்களும் அறுபதைப் பார்க்கவில்லை. இவருக்கும் சர்க்கரை, தொப்பை. போன வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அப்படியும் எண்ணெய் சொட்டும் ரொட்டி சானாய் கேட்டார். அவர் நீண்ட நாள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். வேலையை விட்டேன். அவர் சாப்பாட்டில் முப்பது பங்கைக் குறைத்தேன். உடம்பு ஒத்துழைத்ததால் பாதிக்குப் போனேன். குரங்குகளுக்குச் சத்து மாத்திரை சேர்த்துக் கொடுப்பார்கள். அது பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க வயிறு நிறையச் சாப்பிடும் ஆள் ஒருவர் வேண்டுமே. அந்தச் சிரமத்தை நான் ஏற்றுக்கொண்டேன். கூண்டுகள் எதிரெதிரே இருந்ததால் நானும் அவர் எதிரிலேயே உட்கார்ந்தேன். நெய்ச்சோறு, உருளைக்கிழங்குப் பிரட்டல், பாயசம். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டி வழித்துச் சாப்பிட்டவள் நான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சமையலறைக்குக் கிரில் போட்டுப் பூட்டியது உண்மை. அதைக் கூண்டு என்று எழுதாதீர்கள். உள்ளே இருந்தது சாப்பாடு. அவர் வெளியில்தான் இருந்தார்.

யாரும் கேட்கவில்லையா என்றீர்கள். கேட்டார்கள். விரதம் என்றேன். நம் நாட்காட்டி தாராளமானது: புரட்டாசி போனால் கந்த சஷ்டி, அது போனால் கார்த்திகை, பிறகு தைப்பூசம். தீபாவளிக்கு வந்தவர்கள், அண்ணன் இளைத்துப் புது மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார் என்று என்னைத்தான் பாராட்டினார்கள். ஒருநாள் அவர் சுவரைப் பிடித்தபடி நகர்ந்து போய், பக்கத்து வீட்டுச் செல்வராணியிடம் குழறினார்.

"பசிக்குதும்மா. ஒரு ரொட்டி இருந்தா குடு."

"அலமாக், அண்ணே, இவ்ளோ நாள் இருந்துட்டு இப்ப போயி கெடுத்துக்காதீங்க லா. முருகன் பாத்துக்கிட்டுதான் இருக்காரு."

அவளே கைத்தாங்கலாக அவரைக் கொண்டுவந்து விட்டாள். "அக்கா, உங்க சாமி தப்பிச்சு வந்துருச்சு," என்று சிரித்தாள். நல்ல பெண். பாயசம் கொடுத்தனுப்பினேன்.

போன சனிக்கிழமை மத்தியானம், கூடத்தில் ஆஞ்சநேயர் படத்துக்கு வடைமாலை சாத்தியிருந்தேன். விரத வீட்டில் படையல் இல்லாவிட்டால் பேச்சு வரும். நான் சாப்பிட உட்கார்ந்தேன். அவர் நாற்காலியிலிருந்து சரிந்து, தரையில் தேய்த்துக்கொண்டே போய், இடது கையால் மாலையை இழுத்தார். ஒரு வடையை விழுங்குமுன் அடுத்ததைத் திணித்தார். தொண்டையில் சிக்கியது. முகம் நீலமானது. என்னைத்தான் பார்த்தார்.

முதுகில் ஓங்கித் தட்டியிருந்தால் வெளியே வந்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தெரியும். ஆய்வுக்கூடத்தில் ஒரு குட்டியை அப்படித்தான் காப்பாற்றினேன். ஆனால் என் தட்டில் பாதிச் சோறு இருந்தது. ஒப்பீட்டுக்கு வைத்த ஆள் பாதியில் எழுந்தால் அளவு கெட்டுவிடும். சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டுத்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

அதற்காக என் முறை தோற்றது என்று எழுதிவிடாதீர்கள். முதுமையால் சாகாமல் வேறு காரணத்தால் போன குரங்கை ஆய்வில் தனியே எடுத்துவைத்துவிட்டுத்தான் கணக்குப் பார்ப்பார்கள். இவர் போனது வடையால். அவரை எடுத்துவிட்டுப் பாருங்கள், இன்ஸ்பெக்டர். என் வீட்டில் பசியால் ஒருவரும் சாகவில்லை.