மேல் வரிசை ஸ்க்ரூ

— ஸ்க்ரூ தானா கழலாதுடி. இருபத்தஞ்சு வருஷமா மரத்துல முறுக்கிக்கிட்டிருக்கேன், ஒண்ணுகூட தானா கழண்டதில்ல.

— மெதுவாப் பேசுங்க. பக்கத்துக் கட்டில்ல தூங்கறாங்க.

— தூங்கட்டும். உன் கழுத்துல தகடு வெச்சு, நாலு ஸ்க்ரூ போட்டு, நல்லா இருக்கும்னு சொல்லி அனுப்பினாங்க. மூணு மாசம் முழுசா ஆகல, மேல் வரிசை ரெண்டும் கழண்டு உணவுக்குழாய இடிக்குதாம். நான் இப்படி ஒரு அலமாரி செஞ்சு குடுத்தா வாங்கினவன் சும்மா விடுவானா?

— நான் அலமாரி இல்லீங்க.

— இந்த நேரத்துல உனக்கு ஜோக்கு வேற.

— நீங்க சிரிப்பீங்கன்னு பாத்தேன். உக்காருங்களேன். வந்ததுல இருந்து கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்துக்கிட்டே இருக்கீங்க. பாக்கறதுக்கே எனக்குத் தலை சுத்துது.

— உக்கார முடியலடி.

— சார், அந்த ஆப்பரேஷன் சம்மத ஃபாரம் என்னாச்சு? மூணாவது தடவையா வரேன்.

— பெரிய டாக்டர் வரட்டும் சிஸ்டர். தப்பு ஆஸ்பத்திரி பக்கம்தான்னு அவர் வாயால சொல்லட்டும். அப்புறம் போடறேன்.

— ரெண்டு மணிக்கு ஆப்பரேஷன் சார். இப்பவே ஒண்ணே கால். அக்கா அவங்க கையெழுத்தப் போட்டுட்டாங்க, நீங்கதான் பாக்கி. நேத்து ஒரு வாய் தண்ணி இறங்கல, பாத்தீங்கல்ல? அந்த ஸ்க்ரூ உரசி உரசி குழாய்ல ஓட்டை விழுந்துச்சுன்னா சீழ் பிடிச்சிடும். உயிருக்கே ஆபத்து சார்.

— அத அப்பவே ஒழுங்கா முறுக்கியிருக்கணும்.

— ஒழுங்காத்தான் இருந்துச்சு. முதல் மாச எக்ஸ்ரேய நானே பாத்தேன், நேரா நிக்குது. எலும்பு கூடற வரைக்கும்தான் ஸ்க்ரூ தாங்கும். அதுக்குள்ள ஆட்டம் குடுத்தா வெளிய தள்ளிடும். சிலருக்கு ஒண்ணும் பண்ணாமலும் வரும், அதனாலதான் டாக்டர் கேக்கச் சொன்னார். அக்கா, கனமா ஏதாவது தூக்கினீங்களா?

— இல்ல சிஸ்டர்.

— தண்ணி பக்கெட்? அரிசி மூட்டை?

— இல்ல.

— ஒரு துரும்பக்கூட நகத்தல சிஸ்டர். எங்கம்மா படுத்த படுக்கை. அவங்களத் தூக்கி உக்கார வெக்கறது, குளிப்பாட்டறது எல்லாம் முன்னாடி இவதான் பாத்துக்கிட்டிருந்தா. ஆப்பரேஷன் முடிஞ்சதும், காலைல எட்டு மணிக்கு வந்து பாத்துக்கோன்னு என் தங்கச்சிகிட்ட சொல்லிட்டேன். எல்லா ஏற்பாடும் பண்ணிட்டுத்தான் நான் பட்டறைக்குப் போனேன்.

— அப்படியா அக்கா?

— ம்.

— சரி. பத்து நிமிஷத்துல வரேன். கையெழுத்து இருக்கணும் சார்.

— போயிட்டாங்களா?

— போயாச்சுடி.

— போட்டுருங்க.

— டாக்டர் வரட்டும்னு சொல்றேன்ல.

— அவர்கிட்ட கத்தாதீங்க. அவர் மேல தப்பு இல்ல.

— அது உனக்கு எப்படித் தெரியும்?

— பசை காயறதுக்குள்ள நாற்காலில உக்காந்தா கால் ஆடிடும்னு நீங்கதான சொல்வீங்க?

— அதுக்கும் இதுக்கும் என்ன?

— கிட்ட வாங்க. எனக்குச் சத்தம் வரல. உங்க தங்கச்சி ஒம்பது நாள்தான் வந்தா.

— என்ன சொல்ற?

— அவளுக்கு வேலை கெடச்சிடுச்சு. ‘அண்ணனுக்குத் தெரிஞ்சா விட மாட்டார், சொல்லிடாதீங்க அண்ணி’ன்னு கையப் பிடிச்சுக்கிட்டா. எத்தன வருஷமா அலைஞ்சா அந்த வேலைக்கு? நான் என்ன பண்ணட்டும்? அத்தைக்கு முதுகெல்லாம் புண்ணு வர ஆரம்பிச்சிடுச்சு. தூக்கி உக்கார வெக்காம எப்படி? கழுத்துக்குக் காலர் போட்டிருக்கோமே, ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்.

— எத்தன நாள்?

— தினமும்தான். ஒரு நாள் தூக்கும்போது கழுத்துக்குள்ள கடக்குன்னுச்சு. அன்னைலேர்ந்துதான் சோறு அடைக்குது.

— போதும்.

— திட்டறதுன்னா என்னத் திட்டுங்க. அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லிடாதீங்க. பாவம், இப்பத்தான் நிம்மதியா இருக்கா. என்னங்க? ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க?

— பேனா எங்க?

— தலகாணிக்கு அடியில. அழறீங்களா? உங்ககிட்ட மறைச்சது தப்புதாங்க, ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீங்க இருந்து பாத்திருப்பீங்க.

— நீ எதையும் மறைக்கலடி. தினம் எட்டு மணிக்கு என் பட்டறை வாசலைத் தாண்டித்தான் தங்கச்சி வேலைக்குப் போறா. பாத்தும், தலையக் குனிஞ்சுக்கிட்டு மரத்த இழைச்சுக்கிட்டே இருந்தேன்.